பெரிய இதயத்தோடு பிறந்த குழந்தைகள்

(ஹைதராபாத் அமீர்பேட்டில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரமின்மையால் கூட்டத்தில் விட்டுப்போன ஓரிரு விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



"சார், ஹார்ட்டைப் பத்தி அரைமணி பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நெய், கொலஸ்ட்ரால், காலை நடை என்று நான் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பார். அதையெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் குழந்தை வைத்தியம் பார்த்தவன். ஐந்து மாதக் குழந்தைக்கு நெய்யும் கிடையாது, டென்ஷனும் கிடையாது. ஆனாலும் அதன் இதயத் தசை தடித்து, வீங்கி, செயலிழந்து போகலாம். அது எப்படி என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். என் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். என் அக்காவை 1960ல் எங்கள் மாமாவுக்கே, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த தம்பிக்கே கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் இது சாதாரணம். சொத்து வெளியே போகாது, பெண்ணும் கண்காணாத இடத்துக்குப் போக வேண்டாம். 1961ல் பிள்ளைக் குழந்தை பிறந்தது. கொழுகொழு என்று இருந்தது. மூன்று மாதம் ஆகியும் தலை நிற்கவில்லை. தூக்கினால் ஈரத்துணி மாதிரி கை வழியே வழிந்தது. பால் குடிக்கும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கும், நெற்றியெல்லாம் வியர்த்துவிடும். கும்பகோணத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "ஹார்ட் ரொம்பப் பெரிசா இருக்கு" என்றார் டாக்டர். ஐந்தாம் மாதம் முடிவதற்குள் போய்விட்டது. 1964ல் பெண் குழந்தை. அதே தலை, அதே வியர்வை. ஆறு மாதம்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அக்கா கிணற்றடியில் தூளித் துணியைத் துவைத்து, மடித்துப் பரணில் வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாட்டி "பாலாரிஷ்டம்" என்றாள். ராமேஸ்வரம் போய் நாகப்பிரதிஷ்டை செய்தார்கள். மாமா பேச்சையே குறைத்துக்கொண்டார். ஊர் பேசியதெல்லாம் அக்காவைப் பற்றித்தான். மூன்றாவதாக ஒரு பிள்ளை பிறந்து நன்றாக வளர்ந்த பிறகும், வளைகாப்பு, சீமந்தம் என்று யார் கூப்பிட்டாலும் அவள் பின்கட்டிலேயே இருந்துவிடுவாள். முன்னால் வந்து உட்காரச் சொல்லி யாரும் வற்புறுத்தியதும் இல்லை.

1977ல், குழந்தை மருத்துவ மேற்படிப்புப் படிக்கும்போது, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். துவண்ட குழந்தை, சற்றுத் தடித்த நாக்கு, மார்பையே அடைத்துக்கொண்ட இதயத்தின் எக்ஸ்ரே. பாம்பே நோய் என்று போட்டிருந்தது. சிகிச்சை என்ற தலைப்பின் கீழ் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டேன். நாற்பது வருஷம் வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது சரியா தவறா என்று பிறகு சொல்கிறேன்.

பாம்பே என்றதும் பழைய பம்பாய் ஞாபகம் வர வேண்டாம். அது ஒரு மனிதரின் பெயர். யோஹன்னஸ் பாம்பே, நெதர்லாந்தைச் சேர்ந்த நோய்க்கூற்று மருத்துவர். ஏழு மாதப் பெண் குழந்தை ஒன்று இறந்தபோது பரிசோதித்து, இதயத்தில் மட்டுமல்ல, உடம்பின் எல்லாத் தசைகளிலும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு அடைந்து கிடப்பதைக் கண்டு 1932ல் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் இருந்தார். பிடிபட்டு, 1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தான் கண்டது எதனால் வருகிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. 1963ல் பெல்ஜியத்தில் ஹெர்ஸ் என்பவர் அதைக் கண்டுபிடித்தார்.

அது என்ன என்பதை நம் கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்கிறேன். முதல் பந்தி எழுந்ததும் இலை எடுக்க ஆள் வேண்டும். இலை எடுத்து, இடம் துடைத்தால்தான் அடுத்த பந்தி உட்கார முடியும். சமையல் பிரமாதம், பரிமாறுகிறவர்கள் சுறுசுறுப்பு, ஆனால் இலை எடுக்கிற ஆள் மட்டும் வரவில்லை என்று வையுங்கள். இரண்டு பந்தியில் கூடம் நாறிவிடும். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் லைசோசோம் என்று ஒரு பை இருக்கிறது. இலை எடுக்கிற வேலை அதனுடையது. அதற்குள் வேலை செய்யும் என்சைம்கள் பல. அவற்றில் ஒன்றுதான் கிளைகோஜனை உடைத்துச் சர்க்கரையாக்கி வெளியே விடுகிறது. அந்த ஒரு என்சைம் இல்லாவிட்டால் கிளைகோஜன் பையிலேயே தேங்கும். பை வீங்கும், தசை நார் நசுங்கும். இரவும் பகலும் ஓய்வின்றி வேலை செய்யும் தசை இதயம். அதன் சுவர் தடித்துக்கொண்டே போய், உள்ளே ரத்தம் நிற்க இடம் இல்லாமல் ஆகிவிடும். ஈசிஜி எடுத்தால் கோடுகள் காகிதத்தை விட்டு வெளியே போகிற உயரத்துக்கு எழும்பும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு வயது தாண்டுவதில்லை.

இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். உடம்பின் ரசாயனத்தில் பிறவியிலேயே ஒரு கண்ணி விட்டுப்போவதால் இதயத் தசை கெடும் நோய்கள் இன்னும் பல. ஃபேப்ரி நோய் பெரியவர்களிடம் தெரியவரும். சின்ன வயதில் உள்ளங்கை, உள்ளங்கால் எரிச்சல், வியர்வை சரியாக வராது, நாற்பது வயதில் இதயச் சுவர் தடிக்கும். "பிரஷர் ஹார்ட்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கார்னிட்டின் குறைபாட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். கொழுப்பை எரிக்குமிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற பொருள் கார்னிட்டின். அதைச் செல்லுக்குள் ஏற்றும் வாசல் பிறவியிலேயே பழுதானால், சிறுநீரகம் அதைத் தக்கவைக்க முடியாமல் வெளியே விட்டுவிடும். இதயம் பலூன் மாதிரி விரிந்துவிடும். ஆனால் கார்னிட்டினையே மருந்தாக, வாய்வழியாகத் தினமும் கொடுத்தால் அந்த இதயம் பெரும்பாலும் மாதக்கணக்கில் பழைய நிலைக்குத் திரும்பும். மாமி ஒருவர் முன்பு என்னிடம், "மாமிசத்தில்தான் அது இருக்காமே, நாம் சைவம் சாப்பிடறதாலேதான் வரதா?" என்று கேட்டார். இல்லை. பெயரே மாமிசத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனாலும் நம் உடம்பே தேவையானதைத் தயாரித்துக்கொள்ளும். கோளாறு வாசலில்தான், சாப்பாட்டில் இல்லை.

வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள் என்று இருக்கின்றன. சுமார் ஐம்பதாயிரம் ஜனங்கள். நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே கொண்டு கொடுத்தவர்கள். அங்கே ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்தக் கார்னிட்டின் குறைபாடு. நல்ல வயதில் திடீரென்று சிலர் இறந்துபோனதும் அங்கே ஊரே விழித்துக்கொண்டது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜனத்தொகையில் பாதிப்பேர் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். யார் வீட்டில் குறை என்று யாரும் ஒளிக்கவில்லை, ஏனென்றால் எல்லார் வீடும் ஒரே வீடு.

இங்கே நம்மவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆமாம், அங்கேதான் வருகிறேன்.

இந்த நோய்களில் பெரும்பாலானவை வரும் கணக்கு இதுதான். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரட்டைப் பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவர் ஆயுசு முழுக்க சௌக்கியமாக இருப்பார். தன்னிடம் அது இருப்பதே தெரியாது. இரண்டு பேரும் அதே பழுதைச் சுமந்து, அதையே இரண்டு பேரும் குழந்தைக்குக் கொடுத்தால்தான் நோய். நாலில் ஒரு வாய்ப்பு. "ஒண்ணு போயிடுத்து, இனி மூணு நன்னா இருக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சோழியைப் புதிதாகத்தான் உருட்டுகிறோம்.

இப்போது எங்கள் வீடு. என் தாத்தா, பாட்டி இருவரில் ஒருவரிடம் ஒரு பழுதான பிரதி இருந்திருக்கிறது. அது மாமாவுக்கும் போயிற்று, என் அம்மாவுக்கும் போயிற்று. அம்மாவிடமிருந்து அக்காவுக்கு. அக்காவும் மாமாவும் ஜோடி சேர்ந்தபோது, ஒரே பழுதின் இரண்டு பிரதிகளும் சேர்ந்துவிட்டன. நாம் கோத்திரம் பார்க்கிறோம், சரி. அது அப்பா வழியில் மட்டும் காவல் நிற்கிறது. அம்மா வழிக் கதவு திறந்தே கிடக்கிறது. மாமா, அத்தை பிள்ளை, மாமா பெண் எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறார்கள்.

உறவில் செய்யாவிட்டால் கவலையே இல்லையா என்றால், அதுவும் இல்லை. 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வு. நம் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்களும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்தது. தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பரிசோதித்ததில் 81 குழுக்கள் மிகச் சில மூதாதையர்களிடமிருந்து பெருகி, தங்களுக்குள்ளேயே மணந்தவை என்று தெரிந்தது. ஆந்திரப் பகுதி வைசியர்கள் சிலருக்கு அறுவை சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத்தளர்வு மருந்து உடம்பிலிருந்து இறங்காமல் நிற்கும். மயக்க மருந்து டாக்டர்கள் பலர் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வார்கள். உறவே இல்லாத சம்பந்தம் என்று நாம் நினைப்பது, பத்துத் தலைமுறைக்கு முன்னால் உறவாக இருந்திருக்கலாம்.

சரி, கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்? 1977ல் நான் புத்தகத்தை மூடியதற்கு அதுதான் காரணம். அது இன்று செல்லாது. இல்லாத என்சைமைச் செய்து ஊசியாக ஏற்றலாம் என்ற முயற்சியில், நெதர்லாந்தில் முதலில் மரபணு மாற்றிய முயல்களின் பாலிலிருந்து அதை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு வெள்ளெலி செல்களில் தயாரித்த மருந்துக்கு 2006ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அனுமதி கொடுத்தன. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, நரம்பு வழியாக, ஆயுசு முழுக்க. இதயம் பல குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே சுருங்கத் தொடங்குகிறது. கை கால் தசைகள் அவ்வளவு நன்றாகத் திரும்புவதில்லை. அதனால்தான் சீக்கிரம் ஆரம்பிப்பது முக்கியம். தைவானில் 2005லிருந்தே பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். கனடாவின் ஒட்டாவாவில், இரண்டு அக்காக்களை இதே நோய்க்குப் பலி கொடுத்த ஒரு குழந்தைக்குத் தாய் வயிற்றில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். 2021ல் பிறந்தது. ஒரு வயது தாண்டியபோது இதயமும் தசைகளும் சரியாக இருந்தன என்று 2022ல் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் இரவு சாப்பிடவில்லை.

விலை பயங்கரம். எடைக்குத் தக்கபடி மருந்து என்பதால், குழந்தை வளர வளரச் செலவும் வளரும். மத்திய அரசு 2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை கொண்டுவந்தது. அதில் பாம்பே, ஃபேப்ரி இரண்டும் உண்டு. 2022ல் உதவித்தொகையை ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்கள். பெரிய தொகைதான். ஆயுசு முழுக்க வேண்டிய மருந்துக்கு ஓர் உச்சவரம்பு போடுவது, பாதிக் கிணறு வரை கயிறு கொடுப்பது போல என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் கேட்காமல் இருக்காதீர்கள்.

யாரிடம் கேட்பது? இந்த அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் பலகைகளுக்கு நடுவே மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறதே, அங்கே இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. சிவப்புப் பாதையில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பஞ்சகுட்டா. அருகில் நிம்ஸ், எலும்பு ஆஸ்பத்திரியாகத் தொடங்கிய அதே இடம்தான். நீலப் பாதையில் ஏறி உப்பலில் இறங்கினால் சிடிஎஃப்டி என்ற மரபணு ஆய்வு நிலையம். இந்த இரண்டும் சேர்ந்துதான் அரிய நோய்க் கொள்கையின் கீழ் ஹைதராபாத்தின் சிறப்பு மையம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்தியாவில் எங்கே போவது என்று தெரியாமல் தவித்த விஷயம், இன்று இந்த மண்டபத்திலிருந்து ஒரு ஸ்டேஷன் தூரம். வெளியூர் அன்பர்களுக்கு: சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, மும்பையில் கே.ஈ.எம்., டில்லியில் எய்ம்ஸ், பெங்களூரில் மனித மரபியல் மையம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் சோதனைக்கு ஒரு காகித அட்டையில் காயவைத்த சில சொட்டு ரத்தம் போதும்.

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். 1980களில் வேறு ஊரில் நான் வேலை பார்த்தபோது, இப்படித் துவண்டு வந்து இறந்த ஒரு குழந்தைக்கு "வைரஸ் காய்ச்சலால் இதய வீக்கம்" என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கம் தெரிந்தவன்தான் நான். குழந்தையின் கொஞ்சம் ரத்தத்தையாவது எடுத்து வைக்கவேண்டும் என்று தோன்றவில்லை. இன்று அப்படி எடுத்து வைத்தால், அடுத்த கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே கருவைச் சோதிக்க முடியும். சோதித்துவிட்டு என்ன செய்வது என்பது அந்தத் தம்பதியின் முடிவு. மாமியாருடையதோ என்னுடையதோ அல்ல. இறந்த குழந்தையின் வீட்டில் அழுகையின் நடுவே யாருக்கும் இதெல்லாம் தோன்றாது. டாக்டருக்குத் தோன்ற வேண்டும்.

நான் வாய் திறந்தது 2018ல். அக்காவின் பிள்ளை, பூனாவில் இருப்பவன், எனக்கு மருமானும் ஆவான், அம்மாஞ்சியும் ஆவான். எங்கள் வம்சத்தைப் படம் போட்டால் கோடுகள் தாமாகவே சுற்றிவந்து சேர்ந்துகொள்ளும். அவன் பெண்ணுக்கும் என் தம்பி பிள்ளைக்கும் ஜாதகம் பார்த்தார்கள். முறைதான். ஜாதகமும் பொருந்திவிட்டது. அப்போதுதான் சொன்னேன். "கல்யாணப் பேச்சிலே ஆஸ்பத்திரியை ஏன் இழுக்கறே?" என்று தம்பி என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. கடைசியில் அந்தப் பெண்தான், "பெரியப்பா தாத்தா சொல்றதிலே என்ன தப்பு? ரத்தம்தானே, எடுத்துக்கட்டும்" என்றாள்.

மருமான், அவன் பெண், என் தம்பி பிள்ளை, நான், நாலு பேரும் கொடுத்தோம். மருமானிடம் அந்த மரபணுவில் ஒரு பழுது இருந்தது. அவன் பெண்ணிடம் இருந்தது. என்னிடமும் அதே பழுது. இத்தனை வருஷம் கழித்து, அந்த இரண்டு குழந்தைகளின் நோயை இதைவிட நெருங்கி நிச்சயப்படுத்த முடியாது. தம்பி பிள்ளையிடம் இல்லை. ஒருவரிடம் மட்டும் இருந்தால் குழந்தைக்கு நோய் வராது. 2019 தையில் கல்யாணம் நடந்தது. தம்பியே வந்து என்னைத் தாம்பூலத்தோடு அழைத்தான். சோதனை என்றாலே கல்யாணம் நிற்கும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன். என் பெண் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே 2015லிருந்து இது பிறந்த குழந்தைகளுக்கான சோதனைப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அவள் குழந்தைக்கு யாரும் கேட்காமலேயே பார்த்துவிட்டார்கள்.

ஜாதகத்தோடு இன்னொரு காகிதமும் பரிமாறிக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை. சின்ன வயதில் தவறியவர்கள் யார், எந்த மாதத்தில், என்ன அறிகுறி. நாற்பதுக்குள் நின்றுபோன இதயம் உண்டா. பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அவர்களுக்குத்தான் தெரியும், அவர்களிடம்தான் யாரும் கேட்பதில்லை.

அப்படி ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கல்யாணம் முடிந்ததும் அக்காவிடம் போனேன். எழுபத்தாறு வயது அப்போது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "ஏண்டா அம்பி, அப்போ என் ராசி இல்லையா அது?" என்றாள். இல்லை என்றேன். "மாமாவுக்கும் பாதி, எனக்கும் பாதியா?" ஆமாம் என்றேன். "இதை நாப்பது வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே. மருந்து இல்லேன்னா என்ன, இது இருக்கே" என்றாள். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வம்சப் படத்தில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோயால் இறந்தால் கறுப்படித்துக் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கறுப்புக் கட்டத்தையும் வட்டத்தையும் விரலால் தொட்டு, "இதுக்கெல்லாம் பேர் எழுத மாட்டேளா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர்களை யாரும் சொல்லி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சொன்னாள், எழுதினேன். மூத்தவனுக்கு எங்கள் தாத்தா பெயர். மூன்றாவது பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க அவள் ஏன் சம்மதிக்கவில்லை என்று வீட்டில் பெரிய சண்டை நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவள் 2022ல் காலமானாள். காகிதம் இப்போது பூனாவில் மருமானிடம் இருக்கிறது.